ஒரே கை விதி

பீம்ராவ் செத்த ஒன்பதாம் நாள் காலையில், அவன் மனைவி ரமாபாய் மரணச் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு ரயிலேறினாள். வியாசர்பாடியிலிருந்து பேசின் பிரிட்ஜ், அங்கே வண்டி மாறி எண்ணூர்ப் பக்கத்துக் கத்திவாக்கம், அப்புறம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கால் மணி நேர நடை. இரண்டு கம்பெனி மதில்களுக்கு நடுவே அந்தக் கட்டடம் இருந்தது. ‘வேர்க்குழாய் ஆராய்ச்சி நிலையம்’ என்று மூன்று மொழியில் போர்டு. நாட்டிலுள்ள வேர்களையெல்லாம் ஆராய்வதற்கு, புல்கூட முளைக்காத இந்த இடத்தைத் தேடிப் பிடித்த புண்ணியவான் யார் என்று அந்த நிலையத்திலேயே ஒருவருக்கும் தெரியாது.

ரமாபாய்க்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பதினாறு வருஷம் அங்கே லேப் அட்டெண்டராக இருந்த புருஷன் போய்விட்டான். கருணை அடிப்படையில் மனைவிக்கு ஒரு வேலை தருவார்கள். அதற்கு முதல்படியாக, பீம்ராவ் இறந்துவிட்டான் என்று நிலையம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். செத்தவனைச் செத்தவன் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும், மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். பாவம், அதற்கு முன் அவள் எந்த ஆராய்ச்சி நிலையத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை.

நிர்வாக அதிகாரி தண்டபாணி சான்றிதழை முன்பக்கம் படித்தார், எழுத்தே இல்லாத பின்பக்கத்தையும் படித்தார், அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“கார்ப்பரேஷன் குடுத்ததா?”

“ஆமா சார்.”

“கார்ப்பரேஷன்ல இறந்துட்டாரு. சரி. அது அவங்க டிபார்ட்மென்ட், அதுல நாம தலையிட முடியாது. நம்மகிட்ட என்ன இருக்குன்னு பார்ப்போம்.” வருகைப் பதிவேட்டைப் புரட்டி, பீம்ராவின் பெயருக்கு நேரே விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போனார். “இதோ பாரும்மா. நேத்து ஞாயித்துக்கிழமை. அன்னிக்குக்கூட விடாம வந்திருக்காரு.”

ரமாபாய் எட்டிப் பார்த்தாள். கடைசி எட்டு நாளும் பென்சிலில் ‘வ’ என்று போட்டிருந்தது. வந்தார் என்று அர்த்தமாம்.

“சார், நேத்தோட அவரு பூட்டு எட்டு நாளு. மூலக்கொத்தளத்துல பொதச்சிட்டு வந்துகீறோம் சார்.”

“அது உங்க வீட்டுக் கணக்கு. இங்க நேத்து அறுநூத்தி இருபதாவது நாள்.”

இந்த இடத்தில் பட்டாணிச் செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், வேறு வழியில்லை. செடியின் நுனியில் ஆக்சின் என்று ஒரு ஹார்மோன் ஊறுகிறது. அது தண்டு வழியாகச் செல்லுக்குச் செல் கைமாறிக் கீழே இறங்கி வேருக்கு வந்து, ‘மேலே நான் இருக்கிறேன், நீ குழாய் போடு’ என்று சொல்கிறது. வேரும் அதை நம்பித் தண்ணீர்க் குழாய்களைக் கட்டிக்கொண்டே போகிறது. இப்போது செடியின் நுனியை பிளேடால் வெட்டி எறிந்துவிட்டு, வெட்டின வாயில் ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கிற மெழுகை ஆக்சின் கலந்து கொஞ்சம் தடவிவிட்டால்? மேலே ஒன்றுமே இல்லை என்பது வேருக்குத் தெரியாது. அது பாட்டுக்குக் குழாய் போட்டுக்கொண்டே இருக்கும். இதை எத்தனை காலத்துக்கு ஏமாற்றலாம் என்று கண்டுபிடிக்கத்தான் நிலையத்தின் இயக்குநர் டாக்டர் ரகுபதி ஆயிரம் நாள் பரிசோதனையைத் தொடங்கியிருந்தார். ஒரு செடி வாடினால் அடுத்த செடி. எப்போதும் நாற்பது தொட்டிகள், இருட்டறையில், மங்கலான பச்சை விளக்கின் கீழ்.

மெழுகு தடவுகிறவன் பீம்ராவ். அவன் விரல் அழுத்தமும் இன்னொருவன் விரல் அழுத்தமும் ஒன்றாக இருக்காது என்பதால், ஆயிரம் நாளும் ஒரே கைதான் தடவும் என்று டெல்லிக்கு அனுப்பிய திட்டத்தின் பதினேழாம் பக்கத்தில் எழுதிக்கொடுத்திருந்தார்கள். அதற்குப் பெயர் ‘ஒரே கை விதி’. அந்தக் கை அறுநூற்றுப் பதின்மூன்றாம் நாள் நின்றுபோனால் முந்தின அறுநூற்றுப் பன்னிரண்டு நாளும் குப்பைக்குப் போகும். ஆகவே பீம்ராவ் சாகக் கூடாது என்று நிலையம் முடிவெடுத்தது. அவன் செத்துவிட்டது ஒரு சின்ன இடைஞ்சல், அவ்வளவுதான்.

இந்த எட்டு நாளும் வாட்ச்மேன் ஆசீர்வாதத்தைத்தான் உள்ளே அனுப்பியிருந்தார்கள். கேட் சங்கிலியை இழுத்து இழுத்துக் காய்த்த கை. அவர் தொட்ட பதினொரு செடி இடுப்பொடிந்து விழுந்துவிட்டது.

அதனால் மூன்று பேர் கொண்ட உயர்மட்டக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ரமாபாயை நாற்காலியில் உட்காரவைத்து எதிரே மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் டாக்டர் ரகுபதி. வெள்ளைக் கோட்டுக்கு மேலே பொன்னாடை போர்த்தியிருந்தார். காலையில் எங்கோ விழாவாம், எடுக்க மறந்துவிட்டார்.

“அம்மா, உங்கள் கணவரின் விரல் அழுத்தம் உங்களுக்குப் பரிச்சயம் உண்டா?”

ரமாபாய்க்கு முகம் சிவந்துவிட்டது. இது என்ன கேள்வி என்று தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் மெல்லச் சொன்னாள்.

“தலவலி வந்தா தைலம் தேச்சி வுடுவாரு சார். அது தெரியும்.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னத் தராசு ஒன்று வந்தது. அதே அழுத்தத்தில் அதன் தட்டில் தேய்த்துக் காட்டச் சொன்னார்கள். ரமாபாய் கண்ணை மூடிக்கொண்டாள். பதினெட்டு வருஷம் அவள் நெற்றியில் ஊர்ந்த விரல். அதை எப்படி மறப்பது? தட்டில் வட்டமாகத் தேய்த்தாள். முள் ஆடி நின்றது. ‘பீம்ராவின் பழைய அளவோடு பொருந்துகிறது’ என்று எழுதிக்கொண்டார்கள். இரண்டாம் முறை தேய்க்கும்போது அவளால் அடக்க முடியவில்லை. ‘கண்ணீர் தட்டில் விழுந்தபடியால் இரண்டாவது அளவீடு தள்ளுபடி’ என்று அதையும் எழுதிக்கொண்டார்கள்.

தீர்ப்பை தண்டபாணி படித்துச் சொன்னார். ரமாபாய் தினமும் வந்து பீம்ராவாக மெழுகு தடவ வேண்டும். பதிவேட்டில் பீம்ராவ் என்று கையெழுத்துப் போட வேண்டும். ரமாபாய் என்ற பெயர் எந்தத் தாளிலும் வரக் கூடாது. ஆயிரமாவது நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு பீம்ராவ் காலமானார் என்று ஆர்டர் போடப்படும். மறுநாளே கருணை வேலை.

“அதுவரைக்கும் கொஞ்சம் உயிரோட இருக்கச் சொல்லும்மா,” என்றார் தண்டபாணி. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து ரமாபாய் பீம்ராவானாள். ஒன்பதே காலுக்குக் கையெழுத்து. ஒன்பதரைக்கு இருட்டறை. வெளி வெளிச்சம் ஒரு பொட்டு உள்ளே வரக் கூடாது, ஒரு கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். உள்ளே பச்சை விளக்கு. வெயிலையே பார்க்காத நாற்பது வெள்ளைத் தண்டுகள் தலையில்லாமல் வரிசையாக நின்றன. முதல் நாள், இதுங்க நடுவுல குந்திகினா அந்த மனுஷன் அறுநூறு நாள் காலம் தள்ளினார் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தடவினாள்.

பதினான்காம் நாள் உள்ளே போனபோது முதல் நான்கு தொட்டிகளில் மெழுகு ஏற்கெனவே தடவியிருந்தது. சுத்தமாக, ஓரம் பிசிறாமல். அறையில் பீடி வாசனை அடித்தது. கதவு சாத்தியிருந்தது, ஜன்னலே கிடையாது.

“இன்னா அவசரம் உனுக்கு? மெதுவா தடவு மே.”

மூலையில் ஸ்டூலில் பீம்ராவ் காக்கி யூனிபாரத்தில் குந்தியிருந்தான்.

ரமாபாய் கத்தவில்லை. அவர்கள் வீடு பேய் பிசாசு, பூசை, மந்திரம் எதையும் நம்பாத பௌத்த வீடு. பஞ்சசீலம் சொல்லித்தான் கல்யாணம், பஞ்சசீலம் சொல்லித்தான் சாவு. தெருவில் யாராவது பேயோட்ட ஆளைக் கூட்டி வந்தால் முதலில் போய் சண்டை பிடிக்கிறவன் பீம்ராவ்தான்.

“யோவ், நீயா? இன்னாய்யா இது, பேயா வந்துகீறியா?”

அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. “பேயின்னு ஒண்ணு கெடயாதுன்னு எத்தினி பேரு கிட்ட சொல்லிகீறேன், நானே பேயா வருவனா? இது பேய் இல்ல மே. டூட்டி.”

“இன்னா டூட்டி?”

“நல்லா தூங்கிகினு கீறேன். கரீட்டா ஒம்போதே கால் ஆனா யாரோ கைய புட்ச்சி இஸ்தா மாரி கீது. கண்ண தொறந்தா இந்த ரூமு. அஞ்சு மணிக்கு வுட்றானுங்க. கண்ணு சொருவுறதுக்குள்ள மறுக்கா ஒம்போதே கால் ஆய்டுது. நீதான கையெய்த்து போட்டுகினு கீற?”

ரமாபாய் பயந்தாளா என்றால் பயந்தாள். ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது, அதை மறைப்பானேன். மறுநாள் இரண்டு சோற்று டப்பா கட்டிக்கொண்டு வந்தாள். அவன் சாப்பிடவில்லை, ஆனால் டப்பாவைத் திறந்து வைத்து நெத்திலிக் குழம்பு வாசனையைப் பிடித்துக்கொண்டான். அவள் தடவினாள், அவன் குறை சொன்னான். வியாசர்பாடி கதையெல்லாம் கேட்டான், குழாயடிச் சண்டையில் யார் ஜெயித்தது என்று கேட்டான். உயிரோடிருந்தபோது இவ்வளவு நேரம் அவளோடு உட்கார்ந்து பேசியதே இல்லை. கருணை வேலை கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை, இது இப்படியே போகட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றிற்று.

நாலைந்து மாதத்தில் அவன் தேய ஆரம்பித்தான். முதலில் பேச்சு குறைந்தது. பிறகு காக்கிச் சட்டையின் தோளில் ஈரமண் ஒட்டியிருந்தது, தட்டினாலும் போகவில்லை. பச்சை வெளிச்சத்தில் அவன் கன்னம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் ஸ்டூலில் உட்காராமல் தரையில் சுவரோரமாகச் சரிந்து கிடந்தான்.

“தூக்கமே இல்ல மே. உயிரோட இருந்தப்பதான் தூக்கம் கெடக்கல. செத்தும் கெடக்கலன்னா எப்டி? ஒரு நாளு லீவு கேட்டு பாரேன். கேஷுவல் லீவு பன்னெண்டு கீது, ஒண்ணுகூட எடுக்கல.”

ரமாபாய்க்கு மனசு கேட்கவில்லை. பீம்ராவ் பெயரில் ஒரு விடுப்புக் கடிதம் எழுதி தண்டபாணியிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“காரணம், களைப்பு. ஓகோ. களைப்பா இருக்காருன்னா உயிரோட இருக்காருன்னுதானே அர்த்தம்? அப்புறம் ஏம்மா நீ இங்க வந்து அவரு இறந்துட்டாருன்னு பெட்டிஷன் குடுத்தே?”

“இறந்துதான் சார் பூட்டாரு.”

“இறந்தவர் லீவு கேட்க மாட்டாரே.”

“இல்ல சார், அவரால முடியல, அவரே சொன்னாரு...”

“ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா. உயிரோட இருந்தா, ஆயிரம் நாளுக்கு லீவு கிடையாது. இறந்திருந்தா, லீவே தேவையில்லை. நான் எந்தப் பக்கம் போனாலும் இந்த லெட்டர் நிக்கலையே.” கடிதத்தின் மேல் ‘பரிசீலிக்கப்பட்டது’ என்று எழுதி, தேதி போட்டு, பத்திரமாக ஃபைலில் கோத்துவிட்டார்.

இன்னும் நூற்றெழுபது நாள், நூறு நாள், முப்பது நாள் என்று புருஷனும் பொண்டாட்டியும் எண்ணிக்கொண்டே வந்தார்கள். ஆயிரமாவது நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவனை விட்டுவிடுவார்கள். அந்த ஐந்து மணியை நினைத்துத்தான் அவன் எழுந்து நின்றான். அவளும் அதை நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாயிரமாம் வருஷம் மார்ச் மாதம் ஆயிரமாவது நாள் வந்தது. ஷாமியானா, வாழைமரம், டெல்லியிலிருந்து வந்த அதிகாரி, அவருக்கு எலுமிச்சம்பழம். டாக்டர் ரகுபதி மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே! ஒரு வேரைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவிலே நட்சத்திரம் போலத் தெரிவது சைலம். தண்ணீரை மேலே ஏற்றுகிற குழாய். அந்தக் குழாய் எதனால் ஆனது? செல்களால். அந்தச் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா? இல்லை! தன் உள்ளே இருப்பதையெல்லாம் தானே கரைத்துக்கொண்டு, செத்து, வெறும் சுவராக நின்ற பிறகுதான் ஒரு செல் வேலைக்கே லாயக்காகிறது. உயிரோடிருக்கிற செல் என்ன செய்யும்? இடத்தை அடைக்கும். சாப்பிடும். இந்த உண்மையை நாற்பது வருஷமாக நான் எழுதி வருகிறேன். இந்த நிலையத்தை நடத்துவதிலும் அதையே கடைப்பிடிக்கிறேன்.”

பெரிய கைதட்டல். டெல்லி அதிகாரி எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துவிட்டுத் தட்டினார்.

“மேலிருந்து கீழே வருவது ஆக்சின். அது உத்தரவு. வேரிலிருந்து மேலே போகிற இன்னொரு ஹார்மோன் உண்டு, சைட்டோகைனின். அதை மனு என்று வைத்துக்கொள்ளுங்கள். மனு அதிகமானால் அந்த இடத்தில் குழாய் உருவாகாது என்பது விஞ்ஞானம். ஆகவே மனுவை அளவோடு வைத்திருக்கிறோம். இந்த ஆண்டு நூற்றுப் பன்னிரண்டு மனு வந்தது. ஒன்றைக்கூட நாங்கள் மேலே போகவிடவில்லை!”

அப்புறம் சிறந்த ஊழியர் விருது. “திரு. பீம்ராவ் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்,” என்றார்கள். யாரும் எழவில்லை. தண்டபாணி கண்ணைக் காட்ட, ரமாபாய் எழுந்து போனாள். மேடையில் ஒரு நிமிஷம் குசுகுசுவென்று சட்டப் பிரச்சினை ஓடியது. விருது அவளுக்கு இல்லையே, அந்தக் கைக்குத்தானே? கடைசியில் பொன்னாடையை அவள் வலதுகையில் மட்டும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை சுற்றிவிட்டார்கள். டெல்லி அதிகாரி அந்தக் கையை மட்டும் குலுக்கினார்.

பிறகு டாக்டர் ரகுபதி கடைசியாக ஒரு நற்செய்தி சொன்னார். வேர் இன்னும் சந்தேகப்படவில்லை. ஆகையால் பரிசோதனை மேலும் ஆயிரம் நாளுக்கு நீட்டிக்கப்படுகிறது. கை மாறாது.

ரமாபாய் சுற்றின பொன்னாடையோடு தண்டபாணியிடம் ஓடினாள்.

“சார், அஞ்சு மணிக்கு ஆர்டர் போட்றன்னீங்களே சார்! கருண வேலைக்கு மூணு வருஷத்துக்குள்ள மனு குடுக்கணுமாமே, அதுவும் தாண்டிப் பூடுமே சார்!”

“ஏம்மா பதட்டப்படறே? மூணு வருஷம் எப்ப ஆரம்பிக்கும்? அவர் இறந்த நாள்ல இருந்து. அவர்தான் இன்னும் இறக்கவே இல்லியே. உனக்கு டயம் நிறைய இருக்கு.” கேசரித் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பாராட்டு விழாவில் யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது என்று அவருக்கு ஒரு கொள்கை.

அவள் இருட்டறைக்குப் போனாள். பீம்ராவ் கதவுக்குப் பக்கத்திலேயே, தலையை வாரிக்கொண்டு, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். ஊருக்குக் கிளம்புகிறவன் ஸ்டேஷனில் நிற்பானே, அப்படி.

“அஞ்சு மணி ஆச்சா மே?”

அவள் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு அவளுக்கு நினைவில்லை. அவன் திட்டவில்லை, அழவும் இல்லை. பொத்தானைக் கழற்றிவிட்டு, தொட்டிகளை மறுநாளைக்காக நேர்வரிசையில் அடுக்க ஆரம்பித்தான். முதுகு வளைந்து, ஒவ்வொரு தொட்டிக்கும் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி. அதைத்தான் ரமாபாயால் பார்க்க முடியவில்லை.

பஞ்சை எடுத்தாள். முதல் செடியின் உச்சியிலிருந்த மெழுகை வழித்து எறிந்தாள். அடுத்தது. அதற்கடுத்தது.

“இன்னா மே பண்ற? வேல பூடும்!”

“போவட்டும். எனுக்கு வேல வேணும்னுதான் உன்ன சாவ வுடாம வச்சிகினு கீறேன். த்தூ, நானும் ஒரு பொம்பள.” நாற்பதையும் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்குப் பதிவேட்டைத் திறந்து, பீம்ராவ் பெயருக்கு நேரே பேனாவால் அழுத்தி எழுதினாள்: ‘இறந்துவிட்டார். இத்தனை நாள் தடவியது நான்.’ கீழே தன் பெயரை, ரமாபாய் என்று, முதல்முறையாக எழுதினாள். எழுதிவிட்டு விறுவிறுவென்று கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள். அப்பாடா, முடிந்தது என்று ரயிலில் கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

முடியவில்லை. பத்து நாள் கழித்து ஆசீர்வாதம் வியாசர்பாடி வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“யம்மா, நீ எய்திட்டு வந்த எடத்த வுட்டு, அடுத்த நாளுலேர்ந்து மறுக்கா பென்சில்ல ‘வ’ போட்டுகினு கீறானுங்க. அந்த ரூம்ல யாருமே இல்ல, ஆனா தொட்டிய நவுத்துற சத்தம் கேக்குது. காலைல ஒம்போதே காலுலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும். எனுக்கு அந்தப் பக்கம் போவவே ஒதறுதும்மா. அப்பால இன்னொண்ணு. நாளைக்கி அங்க இரங்கல் கூட்டம் வச்சிகீறாங்க. நோட்டீஸ் ஒட்டிகீது.”

ரமாபாய்க்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒருவழியாக அந்த மனுஷன் செத்ததை ஒத்துக்கொண்டார்கள்! மறுநாள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போனாள்.

கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது. வாயிலில் நோட்டீஸ். ‘நமது ஊழியர் திரு. பீம்ராவ் அவர்களின் மனைவி திருமதி ரமாபாய் அவர்களின் மறைவுக்கு...’ அவள் இரண்டு தடவை படித்தாள். உள்ளே எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து நின்றாள். இரண்டு நிமிஷம் அவளுக்காக அவளே மௌனம் காத்தாள்.

கூட்டம் முடிந்ததும் தண்டபாணியைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா சார் இது அநியாயம்? நான் உயிரோட நிக்கிறேன் சார்!”

“நிக்கறே, எனக்குத் தெரியுது. ஃபைலுக்குத் தெரியணுமே?” அவர் பொறுமையாக விளக்கினார். விசாரணைக் குழு மூன்று அமர்வு உட்கார்ந்தது. அந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது, அதற்குக் கார்ப்பரேஷன் சான்றிதழ் இருக்கிறது. பீம்ராவாக இருக்க முடியாது. அவர் ஆயிரம் நாளும் வந்திருக்கிறார், விருதும் வாங்கியிருக்கிறார், டெல்லியே கை குலுக்கியிருக்கிறது. பதிவேட்டில் ‘இறந்துவிட்டார்’ என்ற வரிக்குக் கீழே ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, ரமாபாய். “அதுவும் நீயே எழுதினது. நாங்க எதையும் இட்டுக்கட்டல.”

“அப்போ என் கருண வேல?”

“இறந்துபோனவங்களுக்கு எப்படிம்மா வேலை குடுக்கறது?” அவருக்கே வருத்தமாக இருந்தது போலிருக்கிறது. மேஜை டிராயரைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். “ஆனா ஒண்ணு. டைரக்டருக்கு இரக்க குணம். மனைவி இறந்தா துக்க விடுப்பு மூணு நாள் உண்டுன்னு விதியில இருக்கு. ஒரே கை விதியையும் மீறி சேங்ஷன் பண்ணிட்டாரு. மூணு நாளும் பென்சில்கூட வைக்க மாட்டோம். கொண்டுபோய் வீட்டுக்காரர்கிட்ட குடுத்துரு. எங்க ஆழ்ந்த அனுதாபத்தையும் சொல்லு.”

ரமாபாய் வாயைத் திறந்தாள். இந்த ஆளைக் கிழிகிழியென்று கிழித்துவிட வேண்டும் என்று ஆயிரத்திரண்டு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

இருட்டறையில் அவன் ஆளே அடையாளம் தெரியவில்லை. பச்சை வெளிச்சம் அவனை ஊடுருவிச் சுவரில் விழுந்தது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

“வந்துட்டியா மே? வரமாட்டியோன்னு நென்ச்சிகினு இருந்தேன்.”

“லீவு குட்த்துட்டாங்கய்யா.”

அவன் நம்பவில்லை. அவள் கவரைப் பிரித்து, கையெழுத்தையும் முத்திரையையும் காட்டினாள்.

“மெய்யாலுமா! இன்னா காரணம் போட்டுகீறானுங்க?”

“உம் பொண்டாட்டி செத்துட்டாளாம்.”

பீம்ராவ் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். செத்த பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும் வந்தது.

“எத்தினி நாளு?”

“மூணு. நாலாம் நாளு மறுக்கா பென்சில எடுப்பானுங்க.”

“மூணு நாளு போதும் மே. அவனுங்க கூப்ட்டா காதுல வுழாத தூரம் பூடுவேன்.” கதவுவரை வந்தவன் நின்றுவிட்டான். “நீ இன்னா பண்ணுவே? உனுக்கு வேலயும் இல்ல, உன்ன செத்துட்டேன்னு வேற எய்திட்டானுங்க.”

“செத்தவள எவனும் ஒம்போதே காலுக்கு கூப்ட மாட்டான். நான் பாத்துக்கறேன், நீ போய்யா.”

அவள் உள்கதவைத் திறந்தாள். அதைச் சாத்தாமலே வெளிக்கதவையும் திறந்தாள். எண்ணூர் வெயில் மொத்தமும் அந்த அறைக்குள் வந்து விழுந்தது. இரண்டு கதவையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, அவன் போகிற வரைக்கும் ரமாபாய் அங்கேயே நின்றாள்.